மாநிலத்தின் முதல் ஊழல்வாதி

ஆணையம் தொடங்கி மூன்று வருடம் ஆகியும் ஓர் ஊழல்வாதிகூட அகப்படவில்லை. மாநிலத்தில் ஊழலே இல்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று ஆணையத்தின் தலைவர் மூன்று ஆண்டறிக்கைகளிலும் கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் அவர் அத்தாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்.

குழாய்க்காரர் அந்த அறிக்கைகள் எதையும் படித்தவரில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் குழாய். இருபத்தாறு வருடமாக ஊரில் பாதி வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிழைத்தவர். வீட்டுச் சொந்தக்காரர்களின் முகத்தைவிட அவர்களுடைய பாதங்களை நன்றாக அடையாளம் தெரியும். அப்படிப்பட்டவர் ஆணையத்தின் வாசலை மிதிக்க நேர்ந்ததற்குக் காரணம் தண்ணீர்.

அவருடைய தெருவில் நாற்பத்திரண்டு வீடு. எட்டு மாதத்துக்கு முன்னால் புதிய குடிநீர்க் குழாய் பதித்தார்கள். அமைச்சர் வந்து ஒரு குழாயைத் திறந்துவைத்து, வந்த தண்ணீரைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, தன்னுடைய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். ஆறாவது மாதம் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஏழாவது மாதம் நாறியது. பன்னிரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் குழாய்க்காரரின் மகளும் ஒருத்தி. பதினான்கு வயதுப் பெண், பரீட்சை எழுத முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மூன்றாவது வீட்டில் தையல்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு தையல் மெஷின் போட்டு எதிரெதிரே உட்கார்ந்து தைப்பார்கள். அந்த அம்மாள் படுத்த பதினோராம் நாள் செத்துப்போனாள்.

அன்று சாயங்காலமே குழாய்க்காரர் கடப்பாரையை எடுத்துத் தன் வாசலைத் தோண்டினார். முழங்கை நீளத்துக்குக் குழாயை அறுத்து வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. ஒரு சாண் தள்ளிச் சாக்கடைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பைப்பே இல்லண்ணே," என்றார் பக்கத்தில் நின்ற தையல்காரரிடம். "ஜூஸ் உறிஞ்சற குழலைக் கொஞ்சம் பெருசா பண்ணிப் புதைச்சிருக்கானுங்க."

தையல்காரர் அதை வாங்கித் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார்.

இருவரும் குடிநீர் வாரியத்தின் பொறியாளரிடம் ஏழு முறை மனு கொடுத்தார்கள். பொறியாளர் ஏழு முறையும் தலையைத் தூக்காமல் "அந்தத் தட்டுல போடுங்க" என்றார். எட்டாவது முறை போனபோது, தட்டு நிரம்பிவிட்டதால் தட்டை மாற்றியிருந்தார்கள்.

அப்போதுதான் வாத்தியாரம்மா வழி சொன்னாள். ஓய்வுபெற்ற ஆசிரியை; போன தேர்தலில் சுயேச்சையாக நின்று முந்நூற்றுப் பதினேழு ஓட்டு வாங்கியவள். தேர்தல் நன்கொடைகளைப் பகிரங்கமாக்கச் சட்டம் வேண்டும் என்று பத்து வருடம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான்.

"ஆணையத்துச் சுவர்ல நன்கொடைப் பட்டியல் ஒட்டியிருக்காங்க. போய்ப் பாருங்க. பைப் போட்ட காண்ட்ராக்டர், அமைச்சரோட தேர்தல் நிதிக்கு அஞ்சு தடவை கொடுத்திருக்கார். நாலாவது, ஒப்பந்தம் கையெழுத்தாகறதுக்கு முந்தின நாள். அஞ்சாவது, மறுநாள். இதைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டமே வந்தது. தைரியமா புகார் கொடுங்க."

*

ஆணையத்தின் முழுப்பெயர் தேர்தல் நன்கொடை ஒழுங்குமுறை மற்றும் பொதுவாழ்வு நன்னெறி ஆணையம். பெயர் நீளமானதால் பலகை முன்சுவரில் தொடங்கி, மூலை திரும்பிப் பக்கச் சுவரிலும் ஓடியது. முன்வாசலில் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு 'தேர்தல் நன்கொடை' மட்டும் தெரியும். பக்கவாசலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு 'நன்னெறி ஆணையம்' மட்டும் தெரியும். குழாய்க்காரரும் தையல்காரரும் பக்கவாசல் வரிசையில் நின்றார்கள்.

உள்ளே தரையெல்லாம் பளிங்கு. நடுச்சுவரில் ஒரு கல்வெட்டு: 'இந்தக் கட்டடம் முழுவதும் அன்பளிப்பு.' அதற்குக் கீழே ஒப்பந்ததாரரின் நிறுவனத்தின் பெயர். தையல்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் குழாய்க்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

புகார்ப் பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி. அன்பானவள். குழாய்க்காரர் கல்வெட்டைக் காட்டித் தயங்கியதும் அவளே விளக்கினாள்.

"நிறையப் பேர் கேக்கறாங்க. நாங்க எதையும் மறைக்கறதில்ல சார். மத்த ஆபீஸா இருந்தா யார் கட்டிக் கொடுத்தாங்கன்னு வெளியே தெரியவிடுவாங்களா? நாங்க கல்லுலயே செதுக்கிட்டோம். வெளிப்படைத்தன்மை."

பிறகு முப்பத்திரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டாள்.

"இந்தத் தண்ணியை நீங்க குடிக்கறீங்களா?"

"குடிக்கறோம் மேடம். அதனாலதானே வந்தோம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கு. நன்னெறிச் சட்டப்படி, சொந்த நலன் உள்ளவங்க புகார் கொடுக்கக் கூடாது. நடுநிலை போயிடும் பாருங்க."

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். அவருடைய மச்சான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தான். அந்தத் தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவனைப் புகார் கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டார்.

"அவருக்கு என்ன பாதிப்பு?"

"ஒண்ணுமில்ல."

"பாதிக்கப்படாதவங்க எப்படி சார் புகார் கொடுக்க முடியும்?" என்றாள் வருத்தத்தோடு. "குடிக்காம பாதிக்கப்பட்டவங்க யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க. உடனே பதிவு பண்ணித் தர்றேன்."

"என் சம்சாரம் செத்துட்டா மேடம்," என்றார் தையல்காரர். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அவளுக்கு இனிமே சொந்த நலன் ஒண்ணும் கிடையாது."

அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். இது நல்ல யோசனைதான் என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா இருபத்தொன்பதாம் பக்கத்துல புகார்தாரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு இருக்கே."

இரண்டு ஆண்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கல்மனசுக்காரி இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். மூன்று நாள் நன்னெறிப் பயிற்சி ஒன்று நடக்கப்போகிறது. அதில் தேறிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் சொந்த நலன் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாம் என்று விதி இருந்தது.

"நீங்க ஒருத்தர் போனாப் போதும். நீங்களும் போகணும்னா," என்று தையல்காரரைப் பார்த்தாள், "துக்கத்துக்கு வேற ஒரு பயிற்சி தனியா இருக்கு. அது அடுத்த வருஷம்தான்."

*

பயிற்சி நடந்த மண்டபத்தில் குளிர் எலும்பைக் குத்தியது. வாசலில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பையில் நோட்டு, பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். மூன்றிலும் ஒப்பந்ததாரரின் நிறுவனப் பெயர் அச்சிட்டிருந்தது. குழாய்க்காரர் பாட்டிலை அழுத்திப் பார்த்தார். தெருவில் புதைத்த குழாயைவிடக் கெட்டியாக இருந்தது.

முதல் நாள் பரிசுப்பொருள் பற்றிய பாடம். குறிப்பிட்ட மதிப்புக்கு மேலே பரிசு வாங்கினால் அறிவிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அது பரிசே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு துறைச் செயலாளர் எழுந்து, "காலையில கடிகாரத்தோட வாரை மட்டும் கொடுத்துட்டு, சாயங்காலம் கடிகாரத்தைக் கொடுத்தா?" என்று கேட்டார். பயிற்சியாளர் பாராட்டினார். அவை இரண்டு தனித்தனிப் பொருள்கள். இரண்டுமே வரம்புக்குள் இருந்தால் நன்னெறிக்குக் குறைவில்லை. செயலாளர் குறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "கார்னா எத்தனை நாள் ஆகும் சார்?" என்று கேட்டார். அதற்கு மறுநாள் தனி வகுப்பு இருந்தது.

மூன்றாம் நாள் தலைவர் பேசினார். வெள்ளைத் தலைமுடி, கனத்த குரல், கண்ணில் நீர் எப்போதும் தயாராக நிற்கும்.

"நண்பர்களே, பழைய காலத்தை நினைத்துப்பாருங்கள். பணம் எப்படி வந்தது? இருட்டில் வந்தது. செய்தித்தாளில் சுற்றி வந்தது. கொடுத்தவன் கை நடுங்கியது, வாங்கியவன் கை நடுங்கியது. எவ்வளவு மன உளைச்சல்! அந்த அவலத்தை நாங்கள் ஒழித்தோம். இன்று எந்தக் கையாவது நடுங்குகிறதா? படிவம் இருக்கிறது. வரிசை எண் இருக்கிறது. வாங்கியவர் தலைநிமிர்ந்து நடக்கிறார்.

"சிலர் கேட்கிறார்கள், நன்கொடை கொடுத்தவருக்கே ஒப்பந்தம் போகிறதே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். ஒப்பந்தம் கொடுத்தால்தான் பணம் என்று பேரம் பேசினால் அது லஞ்சம். அதை நாங்கள் விடவே மாட்டோம். ஆனால் ஒருவர் வாயைத் திறக்காமல் பணம் கொடுக்கிறார், இன்னொருவர் வாயைத் திறக்காமல் ஒப்பந்தம் கொடுக்கிறார் என்றால், அதற்குப் பெயர் நன்றியுணர்வு. நன்றியுணர்வைத் தடைசெய்யும் அளவுக்கு நாம் மிருகங்களாகிவிட்டோமா?"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. குழாய்க்காரரும் எழுந்தார். உட்கார்ந்தே இருந்தால் சான்றிதழில் மதிப்பெண் குறையும் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருந்தார்.

சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அவள் மகளுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் வேலையைக் கெடுத்துக்கிட்டு இதை வாங்கிட்டு வந்தீங்களா? இதுல என்ன போட்டிருக்கு?"

"எனக்குச் சொந்த நலன் இல்லன்னு."

"அதுதான் எனக்குக் கல்யாணமான நாளிலேருந்து தெரியுமே," என்றாள்.

*

விசாரணை நாளன்று ஏழு உறுப்பினர்கள் உயரமான மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். மேடைக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலியில் ஒப்பந்ததாரர். அவர் எதிர்த்தரப்பாக வரவில்லை. கட்டடம் கொடுத்தவர் என்பதால் எல்லா விசாரணைக்கும் சிறப்பு அழைப்பாளர். குழாய்க்காரரைப் பார்த்து அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார். குழாய்க்காரருக்கும் தையல்காரருக்கும் வாத்தியாரம்மாவுக்கும் பின்சுவரை ஒட்டி நிற்க இடம் கொடுத்தார்கள்.

குழாய்க்காரர் செய்தித்தாளைப் பிரித்து, அறுத்தெடுத்த குழாயை மேஜைமேல் வைத்தார். எழுத்தர் உடனே எழுந்து ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

"இதோட சந்தை மதிப்பு என்ன?"

"மதிப்பா? இது ஓட்டைக் குழாய் சார். சாட்சிக்குக் கொண்டு வந்தேன்."

"ஆணையத்துக்குள்ள பொருள் எது வந்தாலும் பரிசுப் பதிவேட்டுல ஏத்தணும்." எழுத்தர் குழாயை அழுத்திப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சப்பிப்போயிற்று. "மதிப்பு ஒண்ணுமில்ல. வரம்புக்குக் கீழ. ஆணையம் இதை ஏத்துக்கலாம்."

தலைவர் பெருந்தன்மையோடு நன்றி சொன்னார். எழுத்தர் குழாயை உள்ளே எடுத்துப்போனார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

"சார், அதுதான் சாட்சி," என்றார் குழாய்க்காரர்.

"கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது நன்னெறி ஆகாது," என்றார் தலைவர். "மேலே சொல்லுங்கள்."

குழாய்க்காரர் சொன்னார். குழாய் மெல்லிசு, சாக்கடை பக்கத்தில், பன்னிரண்டு பேர் படுக்கை, ஒரு அம்மாள் செத்துப்போனாள், அஞ்சு நன்கொடை, நாலாவது முந்தின நாள், அஞ்சாவது மறுநாள்.

உறுப்பினர்கள் ஒப்பந்ததாரர் பக்கம் திரும்பினார்கள். ஒப்பந்ததாரர் ஐந்து ரசீதுகளையும் விசிறிபோல விரித்துக் காட்டினார். ஏழு பேரும் தலையாட்டினார்கள். ஓர் உறுப்பினர், ரசீதுகளை இவ்வளவு மடிப்பில்லாமல் வைத்திருப்பதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று குறிப்பில் பதியச் சொன்னார்.

"இப்போது புகார்தாரரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்," என்றார் தலைவர். "போன தேர்தலில் நீங்கள் எந்த வேட்பாளருக்காவது ஏதாவது உதவி செய்ததுண்டா?"

"நான் என்ன சார் உதவி செய்யப்போறேன். ஓட்டுப் போட்டேன்."

"நன்றாக யோசியுங்கள். நீங்கள் பயிற்சி பெற்றவர். பொய் சொல்லக் கூடாது."

குழாய்க்காரர் நன்றாக யோசித்தார். அதுதான் அவர் செய்த தவறு.

"வாத்தியாரம்மா தேர்தல் ஆபீஸ்ல ஒரு டேப் ஒழுகிட்டே இருந்தது. நோட்டீஸ் கட்டெல்லாம் நனைஞ்சுது. போற வழியில ஒரு வாஷர் மாத்திக் கொடுத்தேன். அஞ்சு நிமிஷ வேலை."

ஏழு உறுப்பினர்களும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தார்கள்.

"கூலி வாங்கினீர்களா?"

"ஒரு வாஷருக்கு என்ன சார் கூலி."

"வாங்கவில்லை," என்று தலைவர் மெல்லிய குரலில் சொன்னார். மூன்று வருடமாகக் காத்திருந்த மனிதரின் குரல் அது. "பொருளாகவும் உழைப்பாகவும் நன்கொடை. அதைப் படிவத்தில் அறிவித்தீர்களா? வேட்பாளர் கணக்கில் காட்டினாரா? நோட்டீசுகள் நனையாமல் காப்பாற்றப்பட்டதால் வாக்காளர்களிடம் தாக்கம் ஏற்பட்டதா?"

வாத்தியாரம்மா முன்னால் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "ஐயா, முந்நூத்திப் பதினேழு ஓட்டுங்க. எனக்கு டெபாசிட்டே போயிடுச்சு. இந்தச் சட்டம் வரணும்னு பத்து வருஷம் தெருத்தெருவா அலைஞ்சவ நான்."

"அப்படியென்றால் சட்டம் தெரிந்தே மீறியிருக்கிறீர்கள்," என்றார் தலைவர்.

ஒப்பந்ததாரர் எழுந்தார். உண்மையாகவே மனம் இளகிப்போயிருந்தார். குழாய்க்காரரின் தோளில் கைவைத்து, "என்ன தம்பி நீங்க, ஒரு ரசீது வாங்கியிருக்கக் கூடாதா? நான் எப்பவும் வாங்கிடுவேன்," என்றார்.

தையல்காரர் பின்சுவரிலிருந்து, "தண்ணி என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார்.

குற்றம் உறுதியானவர் கொடுத்த புகாரை ஆணையம் பார்ப்பதற்கில்லை என்று தலைவர் அறிவித்தார். பிறகு தீர்ப்பை வாசித்தார். குழாய்க்காரரும் வாத்தியாரம்மாவும் ஆறு வருடம் தேர்தலில் நிற்கக் கூடாது. மாநிலத்தின் முதல் ஊழல்வாதி என்று குழாய்க்காரரின் படமும் பெயரும் எல்லா அரசு அலுவலகங்களிலும் ஒட்டப்படும். வாசித்து முடித்ததும் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைப்படக்காரர்களை உள்ளே விட்டார்கள். படத்தில் குழாய்க்காரர் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். சிறப்பு அழைப்பாளரும் ஓரமாக நின்று சிரித்தார்.

மறுநாள் செய்தித்தாள்களில் 'சிக்கினார்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஆணையத்தில் பதிவான வழக்கு ஒன்று, தண்டனை ஒன்று. நூற்றுக்கு நூறு வெற்றி என்று தலையங்கம் எழுதினார்கள்.

மனைவி செய்தித்தாளை மடித்து அடுப்படியில் வைத்தாள். "ஊழல் பண்ணீங்கன்னு போட்டிருக்கான். வீட்டுல ஒரு நல்ல சட்டி கிடையாது. பண்ணினதைக் கொஞ்சம் வீட்டுக்காவது கொண்டுவந்திருக்கலாம்ல?" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். உள்ளே மகள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அப்பா படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய கண் இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

வாத்தியாரம்மா இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. குழாய்க்காரர் வாசலில் நின்று கூப்பிட்டபோது உள்ளிருந்தே, "போயிடுங்க. உங்களை வீட்டுக்குள்ள விட்டா அதுவும் சலுகைன்னு எழுதுவாங்க," என்றாள்.

*

பத்து நாள் கழித்து, வேறு போக்கிடம் இல்லாமல், குழாய்க்காரர் ஒன்பதாவது மனுவை எழுதிக்கொண்டு குடிநீர் வாரியத்துக்குப் போனார். தையல்காரரும் கூட வந்தார். வராந்தாச் சுவரில் குழாய்க்காரரின் படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே நுழைந்தார்.

பொறியாளர் வழக்கம்போல, "அந்தத் தட்டுல..." என்று தொடங்கி, எதேச்சையாகத் தலையைத் தூக்கினார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார். அவசரத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார்! நீங்களா? உக்காருங்க சார். ஏய், யாருப்பா அங்க, ரெண்டு டீ!"

குழாய்க்காரர் பின்னால் திரும்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

"உங்களை எட்டுத் தடவை நிக்க வெச்சுட்டேனே சார். நீங்க யாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் குழாய் ரிப்பேர் பண்றவன் சார்."

பொறியாளர் கண்ணைச் சிமிட்டினார். "புரியுது சார், புரியுது. மாநிலத்துலயே ஒரே ஆளைத்தான் பிடிச்சாங்க. ஆணையமே பிடிக்கற அளவுக்குப் பெரிய இடம்னா, மேல எவ்வளவு தொடர்பு இருக்கணும்! நான் பிள்ளைகுட்டிக்காரன் சார். மாறுதல் வராமப் பார்த்துக்குங்க."

"நான் ஊழல் பண்ணலை சார். ஒரு வாஷர்தான் மாத்தினேன்."

"ஆகா," என்றார் பொறியாளர் பக்தியோடு. "வாஷர்னு சொல்றதா அதுக்கு? எங்க சர்க்கிள்ல பெட்டின்னு சொல்லுவோம்."

குழாய்க்காரர் மேஜையைத் தட்டிக் கத்தினார். நான் யோக்கியன், என் பெண் படுத்துக் கிடக்கிறாள், அந்தக் குழாயை மாற்று, இல்லாவிட்டால் இந்த மேஜையைத் தூக்கிப்போட்டு உடைப்பேன் என்று கத்தினார். பொறியாளர் கைகட்டி நின்று கேட்டார். இத்தனை வருடப் பணியில், செல்வாக்கு இல்லாத மனிதன் எவனும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

மூன்றே நாள். இரவு பகலாக வேலை நடந்தது. பழைய குழாயைத் தோண்டி எடுத்து, விரல்கனத்தில் இரும்புக் குழாய் இறக்கினார்கள். சாக்கடைக் குழாயைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பந்ததாரரே ஆள் அனுப்பி, மேற்படியாருக்கு ஏதும் மனக்குறை இருக்கக் கூடாது என்று தகவல் சொன்னார். ஒவ்வொரு இணைப்பையும் குழாய்க்காரர் குனிந்து பார்த்துத் தட்டிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை அவர் பார்த்ததில்லை.

தண்ணீர் விட்ட அன்று காலையில் தெருவே குடத்தோடு வந்து நின்றது. யாரும் அவரிடம் பழையபடி பேசவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தன் தம்பி மகனுக்கு ஒரு வேலை விஷயமாக எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டார்.

குழாய்க்காரர் தெருக்குழாயைத் திறந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. வாசனை இல்லை. முதல் டம்ளரைப் பிடித்துத் தையல்காரரிடம் நீட்டினார்.

தையல்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாயிருக்கு தம்பி," என்றார். "ஒரு மூணு மாசம் முன்னாடியே நீ மாட்டியிருக்கக் கூடாதா?"